தலைமதகு முதல் கடைமடை வரை: சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்கில் தகவலையும் செயல்முறைகளையும் நிர்வகிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு சிஸ்டத்தை வடிவமைக்கிறவர்களிடம் தகவல் கரைபுரண்டு ஓடும். வரைபடம், கணக்கு, கூட்டக் குறிப்பு, மின்னஞ்சல், சோதனை முடிவு என்று எல்லாம் இருக்கும். அதே சிஸ்டத்தைப் பல ஆண்டுகள் ஓட்டப்போகிறவரிடம் போய்ச் சேர்வது பெரும்பாலும் மங்கிப்போன ஒரு நகல்தான். காவிரி டெல்டாக்காரர்களுக்கு இந்த நிலைமை நன்றாகத் தெரியும். தலைமடையில் வரப்பு வழியும், கடைமடையில் நாற்று கருகும். தண்ணீரை முறை வைத்துப் பங்கிடுவதுபோலத் தகவலுக்கும் முறை வைக்க வேண்டும், அந்த முறையைக் கடைமடையில் தொடங்கித் தலைப்பு நோக்கித் திட்டமிட வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி சொல்ல வருவது.

பேச வசதியாக ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். வெண்ணாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்கால். அதன் தலைமதகில் லஸ்கர் (மதகைத் திறந்து மூடும் பணியாளர்) கையால் சுற்றித் திறக்கும் ஷட்டர் இருக்கிறது. அங்கே மதகுக்கு மேல்புறமும் கீழ்ப்புறமும் நீர்மட்டம் அளக்க இரண்டு சென்சார்கள், மோட்டார் வைத்த ஷட்டர், சோலார் பேனல், பேட்டரி, ஒரு கன்ட்ரோலர், சிம் போட்ட மோடம், அலுவலகத்தில் சர்வர், கைபேசியில் ஆப் என்று ஒரு சிஸ்டம் அமைக்கப்போகிறோம். பார்க்கச் சின்ன வேலைதான். ஆனால் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், சாஃப்ட்வேர், தொலைத்தொடர்பு, பாசனம் என்று ஆறு துறை ஆட்கள் இதில் கை வைப்பார்கள். ஒருவர் எழுதிவைத்ததை இன்னொருவர் நம்பித்தான் வேலை நடக்கும்.

இப்படிப் பல துறை வேலைகளை ஒரே சிஸ்டமாக இணைத்து, அதன் வாழ்நாள் முழுவதும் நிர்வகிப்பதுதான் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங். அதற்கான உலகப் பொதுத் தரநிலை ஐஎஸ்ஓ/ஐஇசி/ஐஇஇஇ 15288. 2002-ல் முதலில் வந்தது. 2008, 2015, 2023 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. சிஸ்டத்தின் வாழ்நாள் முழுவதற்குமான 30 செயல்முறைகளை அது நான்கு குழுக்களாகப் பிரிக்கிறது: ஒப்பந்தம் சார்ந்தவை 2, நிறுவனம் சார்ந்தவை 6, தொழில்நுட்ப மேலாண்மை 8, நேரடித் தொழில்நுட்பம் 14. தகவல் மேலாண்மை, உள்ளமைவு மேலாண்மை (எந்த உறுப்பு, எந்தப் பதிப்பு, எந்த அமைப்பில் இருக்கிறது என்று கணக்கு வைப்பது), முடிவெடுத்தல், இடர் மேலாண்மை ஆகியவை அந்த 8-க்குள் வருகின்றன.

30 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். வேலையின் அளவுக்கு ஏற்ப வெட்டித் தைத்துக்கொள்ளலாம் என்று தரநிலையே அனுமதிக்கிறது. இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இவை ஒன்று முடிந்து அடுத்தது என்று வரிசையில் நடப்பவை அல்ல. சோதனை நடக்கும்போதே தேவை மாறும், ஓட்டிக்கொண்டிருக்கும்போதே மறுவடிவமைப்பு நடக்கும். கீழே உள்ள படிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தொடங்குவதற்குத்தான் வரிசை. தொடங்கிய பிறகு எல்லாம் ஒன்றாகத்தான் ஓடும்.

படி 1: கடைசி ஆளின் கேள்வியை முதலில் கேளுங்கள்

வழக்கமாக என்னென்ன ஆவணம் தயாரிக்க வேண்டும் என்ற பட்டியலோடு தொடங்குவார்கள். அதற்குப் பதில், யார் எப்போது எந்தக் கேள்வியோடு வந்து நிற்பார்கள் என்று எழுதுங்கள்.

கடைமடை விவசாயிக்கு ஒரே கேள்வி: "தண்ணி என்னைக்கு வரும் தம்பி?" லஸ்கருக்கு ஐப்பசி மழையில், நள்ளிரவில், மோட்டார் ஓடாதபோது ஒரு கேள்வி: கைப்பிடியை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எத்தனை சுற்றுக்கு ஷட்டர் ஒரு அடி ஏறும்? உதவிப் பொறியாளருக்கு இந்த முறையில் எத்தனை கன அடி போனது என்பது. ஏழாவது ஆண்டில் வரும் மெக்கானிக்குக் கியர்பாக்ஸின் மாடல் எண். பணம் ஒதுக்கியவருக்கு, ஒரு சென்சார் போதாதா, ஏன் இரண்டு வாங்கினீர்கள் என்பது.

ஒவ்வொரு கேள்வியையும் பிடித்துப் பின்னோக்கி நடங்கள். இதற்கு விடை தரும் தகவல் எது, அதை உருவாக்குபவர் யார், வாழ்நாளின் எந்தக் கட்டத்தில் அது மலிவாகக் கிடைக்கும்? கியர்பாக்ஸ் பொருத்துகிற அன்று அதன் பெயர்த்தகட்டைப் படம் எடுத்துப் பதிய ஒரு நிமிடம் போதும். ஏழு ஆண்டு கழித்து அந்தத் தகடு துருப்பிடித்து எழுத்தே தெரியாது. அப்புறம் பட்டறை பட்டறையாக அலைய வேண்டியதுதான்.

இந்தக் கேள்விகளை அலுவலகத்தில் உட்கார்ந்து ஊகிக்காதீர்கள். ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதத்தில் மதகடிக்குப் போய் லஸ்கரோடு உட்காருங்கள். ஆகாயத்தாமரை வந்து ஷட்டரில் அடைத்துக்கொள்வதை அவர் சொல்வார். எந்த வரைபடத்திலும் அது இருக்காது.

படி 2: ஒரு பக்கத்தில் தகவல் திட்டம்

படி 1-ல் கிடைத்த தகவல் வகைகளை ஒரு அட்டவணையில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எழுதுபவர், ஒப்புதல் தருபவர், இருக்கும் இடம், கோப்பு வடிவம், வைத்திருக்க வேண்டிய காலம், பார்க்கவும் திருத்தவும் உரிமை உள்ளவர்கள். இதுதான் தகவல் மேலாண்மைத் திட்டம். நம் அளவு வேலைக்கு ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. நாற்பது பக்கம் எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள்.

இதில் விட்டுக்கொடுக்கவே கூடாத விதி ஒன்று உண்டு. எந்தத் தகவலுக்கும் ஒரே வீடுதான். மற்ற இடங்களில் அதன் நகல் இருக்கலாம், ஆனால் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்வது அந்த ஒரு வீட்டில் இருப்பதுதான். வாட்ஸ்அப் குழுவில் முடிவுகள் எடுக்கப்படும். தடுக்கவும் முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை. அன்றைக்கே அந்த முடிவு பதிவேட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். குழுவில் இருப்பது பேச்சு, பதிவேட்டில் இருப்பதே முடிவு.

எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதைச் சின்னதாக நினைத்துவிடாதீர்கள். திருச்சி அருகே உள்ள முக்கொம்பு மேலணை 1830-களில் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டப்பட்டது. அதன் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டது 2018 ஆகஸ்ட் 22 அன்று. இடையில் ஏறக்குறைய 180 ஆண்டுகள். நம் ஊரில் நீர்க்கட்டுமானம் என்றால் அதை வடிவமைத்தவரின் பேரனுக்குப் பேரன் காலத்திலும் அதில் யாரோ வேலை பார்ப்பார்கள். நாம் பொருத்தும் எலக்ட்ரானிக்ஸ் அவ்வளவு நாள் இருக்காது. ஆனால் கான்கிரீட்டில் எங்கே துளை போட்டோம், எந்தக் கம்பியை வெட்டினோம் என்பது அந்தக் கட்டுமானம் இருக்கும்வரை வேண்டும். அதனால் இறுதி ஆவணங்களை எந்த மென்பொருளிலும் திறக்கிற எளிய வடிவத்தில் வையுங்கள்: ஆவணத்துக்குப் பிடிஎஃப், எண்களுக்கு சிஎஸ்வி. வரைபடத்தின் மூலக் கோப்போடு அதன் பிடிஎஃப்பும் இருக்கட்டும். ஒரு அச்சுப்படி அலுவலகத்தில் இருப்பதும் நல்லது.

படி 3: பெயரும் பதிப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு எண் (தே-012), ஒவ்வொரு இடைமுகத்துக்கும், அதாவது இரண்டு உறுப்புகளோ இரண்டு குழுக்களின் வேலையோ சந்திக்கும் இடத்துக்கும், ஒன்று (இ-004), சோதனைக்கு ஒன்று (சோ-031), முடிவுக்கு ஒன்று (மு-007). ஒருமுறை கொடுத்த எண்ணை, அந்தத் தேவையே ரத்தானாலும், வேறொன்றுக்குக் கொடுக்கக் கூடாது. வகையைக் காட்டும் முதல் எழுத்தைத் தவிர, எண்ணுக்குள் வேறு பொருள் எதையும் திணிக்கவும் கூடாது. ஆவணத்துக்கு வரைவு, ஒப்புதல் பெற்றது, காலாவதி என்று மூன்றே நிலைகள் போதும். 'ஃபைனல்', 'ஃபைனல் புதியது' என்று கோப்புப் பெயரில் எழுதுவதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

படி 4: தேவையை எழுதும்போது காரணத்தையும் எழுதுங்கள்

தேவைகளை எழுதுவதற்கென்றே 29148 என்ற தரநிலை இருக்கிறது. அதன் சாரம்: ஒரு தேவை ஒரே பொருள் தர வேண்டும், சரிபார்க்க முடிய வேண்டும், ஒரே வாக்கியத்தில் இரண்டு தேவைகளை அடைக்கக் கூடாது. 'சிஸ்டம் நம்பகமாக இயங்க வேண்டும்' என்பது ஆசை. 'பேட்டரி முழுதாக நிரம்பிய நிலையில், தொடர்ந்து 5 நாள் சோலார் மின்சாரம் கிடைக்காவிட்டாலும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை நீர்மட்டம் பதிவாக வேண்டும்' என்பதுதான் தேவை.

நான் அழுத்திச் சொல்வது, ஒவ்வொரு தேவைக்குப் பக்கத்திலும் அதன் காரணம் இருக்க வேண்டும் என்பதை. 5 நாள் என்பது வடகிழக்குப் பருவமழையில் வானம் மூடிக் கிடக்கும் நாட்களை நினைத்துப் போட்டது. காரணம் எழுதப்படவில்லை என்றால், செலவைக் குறைக்க வருபவர் அதை 2 நாளாக்கி, சிறிய பேட்டரி வாங்கிவிடுவார். அவர் மேல் தவறும் இல்லை. அவர் கண்ணுக்கு அது வெறும் எண்.

இன்னொரு எடுத்துக்காட்டு: 'மின்சாரமும் சிக்னலும் இல்லாதபோது ஒரே ஆள் கையால் ஷட்டரை முழுதாகத் திறக்கவும் மூடவும் முடிய வேண்டும்.' காரணம்: 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு, டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இந்த ஒரு வரி இருந்தால் 'எதற்குக் கைப்பிடி, அதுதான் மோட்டார் இருக்கிறதே' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

காரணத்துக்கு அடுத்த கட்டத்தில், அதைச் சரிபார்க்கும் வழியையும் அன்றைக்கே குறியுங்கள். வழிகள் நான்கு: பார்வையிடல், கணக்கிட்டுக் காட்டல், செய்து காட்டல், அளந்து சோதித்தல். எந்த வழியிலும் சரிபார்க்க முடியாத வரி, இன்னும் தேவையாக உருப்பெறவில்லை என்று பொருள்.

படி 5: இடைமுகத்தில்தான் கரை உடையும்

நேரம் குறைவு, ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்ய முடியும் என்றால் இந்தப் படியைச் செய்யுங்கள். இரண்டு குழுக்களின் வேலை சந்திக்கும் இடத்தில், இரு பக்கமும் தங்கள் பக்கம் சரி என்றே நினைப்பார்கள்.

உலகறிந்த பாடம் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழையும்போது தொலைந்துபோனது. தரையில் ஓடிய ஒரு மென்பொருள், விசையின் தாக்கத்தைப் பவுண்டு-விநாடி கணக்கில் கொடுத்தது. இடைமுக ஆவணம் கேட்டது நியூட்டன்-விநாடி. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். இடைமுகம் எழுதப்பட்டிருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. எழுதியதோடு நிற்காமல், இரு பக்கமும் அதன்படிதான் நடக்கிறதா என்று சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

இப்போது நம் மதகுக்கு வருவோம். சென்சார் '2.4' என்று அனுப்புகிறது. எதில் 2.4? மீட்டரா, அடியா? பொறியாளர்கள் அடியிலும் கன அடியிலும் பேசுவார்கள், சென்சார் மீட்டரில் பேசும். சரி, மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். எங்கிருந்து 2.4? மதகின் அடித்தளத்திலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா, ஆற்றங்கரை அளவுகோலின் பூச்சியத்திலிருந்தா? டெல்டா தட்டையான நிலம். சில சென்டிமீட்டர் பிழைகூட ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏறுமா ஏறாதா என்பதைத் தீர்மானித்துவிடும். அதோடு, மேலே தொங்கும் அல்ட்ராசோனிக் சென்சார் உண்மையில் அளப்பது தனக்கும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை. பொருத்திய உயரத்திலிருந்து அதைக் கழித்துத்தான் நீர்மட்டம் வருகிறது. அந்தக் கழித்தலைச் சென்சார் செய்கிறதா, கன்ட்ரோலர் செய்கிறதா, சர்வர் செய்கிறதா? இரண்டு இடத்தில் கழித்தாலும் கெட்டது, யாருமே கழிக்காவிட்டாலும் கெட்டது.

நேரமும் அப்படித்தான். சர்வர் உலகப் பொது நேரத்தில் பதியும், லஸ்கரின் நோட்டு இந்திய நேரத்தில் இருக்கும். ஐந்தரை மணி வித்தியாசம். அதோடு, இந்தியாவில் 'ஒரு நாள் மழை' என்பது காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. சாஃப்ட்வேர் ஆள் நள்ளிரவு முதல் நள்ளிரவு என்று கூட்டினால் மழைக் கணக்கும் நீர்மட்டமும் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது. கோளாறு எங்கே என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொரு இடைமுகத்துக்கும் ஒரு தாள் எழுதுங்கள். அனுப்புபவர், பெறுபவர், பொருள், அலகு, எந்தப் புள்ளியிலிருந்து அளவு, கூட்டல் கழித்தல் எந்தத் திசை, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை, நேர மண்டலம், குறைந்த மதிப்பு, அதிக மதிப்பு, தகவல் வராவிட்டால் பெறுபவர் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதை நிறையப் பேர் விட்டுவிடுவார்கள். சிக்னல் போனால் ஷட்டர் இருந்த நிலையிலேயே நிற்குமா, மூடிக்கொள்ளுமா, திறந்துகொள்ளுமா? வெள்ளத்தில் இது உயிர்ப் பிரச்சினை. இரண்டு பக்கத்தாரும் தாளில் கையெழுத்துப் போடட்டும். அப்புறம் இருவரும் ஒன்றாக நின்று, அளவுகோலை ஒருவர் கண்ணால் படிக்க, திரையை இன்னொருவர் படிக்க, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கட்டும்.

படி 6: முன்னும் பின்னும் போகிற தொடர்பு

தேவை எந்த ஆளின் கேள்வியிலிருந்து வந்தது, எந்த உறுப்பு அதை நிறைவேற்றுகிறது, எந்தச் சோதனை அதை நிரூபிக்கிறது என்ற தொடர்பைத்தான் டிரேசபிலிட்டி என்கிறோம். சில நூறு தேவைகள் வரை ஒரு விரிதாள் போதும். தனி மென்பொருள் வாங்குவதைவிட, இருக்கும் விரிதாளை வாரம் ஒரு முறை உண்மையாகப் புதுப்பிப்பது மேல். தேவைகள் ஆயிரத்தைத் தாண்டினாலோ பல நிறுவனங்கள் சேர்ந்து வேலை செய்தாலோ தனித்தனி ஆவணங்களுக்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே கணினி மாதிரியில் இணைத்துவைக்கும் மாடல் சார்ந்த முறைகளையும் அதற்கான கருவிகளையும் யோசிக்கலாம்.

இதன் பயனை ஒரு நிகழ்வாகப் பாருங்கள். செலவு மிஞ்சுகிறது, மதகுக்குக் கீழ்ப்புறம் உள்ள இரண்டாவது சென்சாரை எடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை வருகிறது. தொடர்பு அட்டவணை இல்லாவிட்டால், நீர்மட்டம் காட்ட ஒன்று போதுமே என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். அட்டவணை இருந்தால் அந்தச் சென்சார் 'எத்தனை கன அடி போனது' என்ற தேவையோடு கட்டப்பட்டிருப்பது தெரியும். வாய்க்காலில் தண்ணீர் எதிர்த்து நின்று ஷட்டரின் கீழ்விளிம்பு மூழ்கிவிட்டால், மேல்மட்டத்தை மட்டும் வைத்து வெளியேறும் அளவைக் கணக்கிட முடியாது. மேல்மட்டத்துக்கும் கீழ்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தேவை. தட்டையான டெல்டா வாய்க்கால்களில் இப்படி மூழ்குவது அடிக்கடி நடக்கும். ஆக, சென்சாரை எடுத்தால் உதவிப் பொறியாளரின் கேள்விக்கு விடை போய்விடும். அதைத் தெரிந்துகொண்டு, பணம் குறைவு, அந்தத் தேவையைக் கைவிடுகிறோம் என்று முடிவெடுத்தால் அது நேர்மையான முடிவு.

அட்டவணையில் இரண்டு வகை அநாதைகளைத் தேடுங்கள். எந்த உறுப்போடும் சேராத தேவை, எந்தத் தேவையோடும் சேராத உறுப்பு. முதலாவது விடுபட்ட வேலை. இரண்டாவது யாரும் கேட்காத செலவு.

படி 7: பேஸ்லைனும் மாற்றக் கட்டுப்பாடும்

ஒரு கட்டத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பதிப்பைப் பூட்டிவைப்பதுதான் பேஸ்லைன். நமக்கு மூன்று போதும்: தேவைகள் முடிந்ததும் ஒன்று, வடிவமைப்பு முடிந்ததும் ஒன்று, பொருத்தி முடித்தபடி ஒன்று. பூட்டிய பிறகு மாற்றவே கூடாது என்பதில்லை. யாருக்கும் தெரியாமல் மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

மாற்றம் கேட்பவர் ஒரு சிறு படிவத்தில் என்ன மாற்றம், ஏன், எந்தெந்தத் தேவை, இடைமுகம், சோதனை பாதிக்கப்படும், செலவு, நாள் என்று எழுதுவார். பாதிப்பைத் தேட படி 6-ன் அட்டவணை இருக்கிறது. சின்ன மாற்றத்தைக் குழுத்தலைவரே முடிவு செய்யலாம். இடைமுகத்தையோ பாதுகாப்பையோ தொடும் மாற்றத்துக்கு, பாசனப் பொறியாளரும் ஓட்டுகிறவர் ஒருவரும் உட்கார வேண்டும். லஸ்கரையோ அவர் சார்பில் பேசக்கூடிய ஒருவரையோ அந்தக் கூட்டத்தில் உட்கார வைப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல. அவருக்குத்தான் விளைவு தெரியும்.

வெள்ளம் வரும் இரவில் படிவம் நிரப்பச் சொல்ல முடியாது. அதற்கு அவசர வழி ஒன்றை முன்கூட்டியே எழுதிவையுங்கள். மதகடியில் இருப்பவர் செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம். ஒரு படம், ஒரு குரல்பதிவு போதும். மறுநாளுக்குள் அலுவலகத்தில் ஒருவர் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இந்தக் கதவை நீங்கள் வைக்காவிட்டால் ஆட்கள் சுவரேறிக் குதிப்பார்கள், பதிவே இருக்காது.

உள்ளமைவு என்றால் இரும்பும் வரைபடமும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கன்ட்ரோலரில் உள்ள எண்களும் அதில் சேர்த்தி. மரக்கிளை மோதிச் சென்சார் தாங்கி வளைந்தது, புதுத் தாங்கி போட்டார்கள், அது 15 சென்டிமீட்டர் உயரமாக அமைந்தது என்று வையுங்கள். உயர எண்ணை மாற்றாவிட்டால் அன்று முதல் எல்லா அளவும் 15 சென்டிமீட்டர் குறைவாகக் காட்டும். எங்கேயும் எச்சரிக்கை மணி அடிக்காது. அதனால் உயரம், எச்சரிக்கை மட்டம், மோட்டார் நிற்கும் எல்லை போன்ற எண்களுக்குத் தனிப் பட்டியல் வைத்து, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றிய நாள், மாற்றியவர் என்று எழுதுங்கள்.

படி 8: முடிவு, அனுமானம், இடர்

முடிவுப் பதிவேட்டில் எடுத்த முடிவைப்போலவே கைவிட்ட வழிகளும் முக்கியம். ரேடார் சென்சாரைப் பரிசீலித்தோம், இன்ன காரணத்தால் விட்டோம் என்று இருந்தால், மூன்று ஆண்டு கழித்து வருபவர் அதே விவாதத்தை முதலிலிருந்து நடத்த வேண்டியதில்லை. காரணம் மாறியிருந்தால் முடிவையும் மாற்றலாம் என்பதும் அவருக்குத் தெரியும்.

அனுமானத்தைப் பலர் தகவலாகவே நினைப்பதில்லை. நம் வேலை அட்டவணையே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடும். ஆற்றில் தண்ணீர் இல்லாத அந்த நாலரை மாதத்தில்தான் மதகில் கை வைக்க முடியும். ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. முதல் வகை ஆண்டில் பாதி வேலையில் தண்ணீர் வந்துவிடும். இரண்டாவது வகை ஆண்டில் ஓடும் நீரில் செய்ய வேண்டிய சோதனை தள்ளிப்போகும், பணம் கொடுக்கும் தவணையும் தள்ளும். 'ஜூன் 12' என்பதை அனுமானம் என்று எழுதி, அதற்கு ஒரு பொறுப்பாளரைப் போட்டு, ஏப்ரலிலிருந்து வாரா வாரம் அணை நிலவரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அனுமானம் பொய்க்கத் தொடங்கினால் அது இடர் பட்டியலுக்கு மாறும், அங்கே அதற்கு மாற்றுத் திட்டம் இருக்கும்.

படி 9: சோதனைச் சான்று

எழுதியபடி செய்தோமா என்பது வெரிஃபிகேஷன். செய்தது அவர்களுக்குப் பயன்படுகிறதா என்பது வாலிடேஷன். முதலாவதில் பெரும்பகுதியைக் கோடையிலேயே பட்டறையிலும் காய்ந்த ஆற்றிலும் முடித்துவிடலாம். இரண்டாவதற்குத் தண்ணீரும் மழையும் ஆளும் வேண்டும். குறுவைக்குத் திறந்த நாளிலிருந்து ஒரு சம்பா பருவமாவது அதற்கு ஒதுக்குங்கள்.

சோதனைப் பதிவில் 'வெற்றி' என்று மட்டும் இருந்தால் அது சான்று ஆகாது. எந்தத் தேவை, எந்தப் பதிப்பு மென்பொருள், எந்த வரிசை எண் சென்சார், அளந்த மதிப்பு, அளந்த கருவி, யார், எப்போது என்று இருந்தால்தான் பின்னால் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது எந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று தெரியும். தோல்வியடைந்த சோதனையையும் பதிவில் வையுங்கள். பின்னால் கோளாறு பார்க்க வருபவருக்கு வெற்றிகளைவிட அதுதான் அதிகம் உதவும்.

படி 10: ஒப்படைப்பு

இங்கேதான் நம் தகவல் கடைமடைக்குப் போகிறது, இங்கேதான் வழக்கமாக வற்றியும் போகிறது. ஒப்பந்தத்தின் கடைசி வாரத்தில் ஆயிரம் பக்கத்தை ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுப்பது ஒப்படைப்பு அல்ல. படி 1-ன் கேள்விகளை எடுங்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, அவர் கேள்விக்கு விடையை அவரே தேடி எடுக்கச் சொல்லுங்கள். தேட முடியவில்லையா? ஒப்படைப்பு இன்னும் முடியவில்லை.

லஸ்கருக்குத் தமிழில், பெரிய எழுத்தில், நனையாதபடி லேமினேட் செய்த ஒரே தாள். மோட்டாரை எப்படித் துண்டிப்பது, கைப்பிடி எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சுற்றினால் திறக்கும், ஒரு அடிக்கு எத்தனை சுற்று, யாரைக் கூப்பிடுவது. இதைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதவு உட்புறத்தில் ஒட்டுங்கள். அந்தத் தாளுக்கும் பதிப்பு எண் உண்டு. கியர்பாக்ஸை மாற்றினால் சுற்றுகளின் எண்ணிக்கை மாறும், தாளும் மாற வேண்டும்.

மெக்கானிக்குப் பொருத்தியபடியான வரைபடம், உதிரிப் பாகப் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் மாற்றாக என்ன போடலாம் என்ற குறிப்பு. அலுவலகத்துக்குக் கடவுச்சொற்கள், மென்பொருள் மூலநிரல், சர்வர் யார் பெயரில் இருக்கிறது, சிம் யார் பெயரில் இருக்கிறது, எந்தத் தேதியில் ரீசார்ஜ். சிம்மைப் பொருத்த வந்தவரின் சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால், அவர் வேலை மாறிய பிறகு மதகு ஊமையாகிவிடும். தொழிற்சாலையிலிருந்து வந்த கடவுச்சொல் ஒன்றுகூட மிச்சம் இருக்கக் கூடாது. தூரத்திலிருந்து ஷட்டரைத் திறக்க முடிகிறது என்றால் திறக்கக் கூடாதவரும் திறக்க முடியும்.

படி 11: ஓட்டம், பழுது, விடைகொடுத்தல்

ஓடும் காலத்தில் ஒரே ஒரு பராமரிப்புப் பதிவேடு போதும். நாள், என்ன கண்டோம், என்ன செய்தோம், எந்த எண் மாறியது. மாதம் ஒரு முறை அளவுகோலையும் திரையையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதுங்கள். அந்த வித்தியாசம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போனால், சென்சார் நகர்கிறது அல்லது மதகடியில் மணல் சேர்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை, ஜனவரி 28-க்குப் பிறகு, பேஸ்லைனைக் கையில் எடுத்துக்கொண்டு மதகுக்குப் போய், தாளில் இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுதானா என்று தணிக்கை செய்யுங்கள். வித்தியாசம் இருந்தால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். எதைத் திருத்துவது என்பதும் ஒரு முடிவு, பதிவேட்டுக்குப் போக வேண்டும்.

சிஸ்டத்தைக் கழற்றும் நாளும் வரும். பேட்டரிகளைக் காயலான் கடையில் போடாமல், 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். சிம்மை ரத்து செய்யுங்கள், சர்வர் கணக்கை மூடுங்கள், மூடும் முன் பல ஆண்டு நீர்மட்ட அளவுகளை சிஎஸ்வியாக இறக்குங்கள். வெறும் எண்களை மட்டும் இறக்கினால் பயனில்லை. இடைமுகத் தாள்களும் சென்சார் உயரம் மாறிய வரலாறும் அதோடு சேர்ந்து போக வேண்டும். அப்போதுதான் அடுத்து அங்கே வேலை செய்ய வருபவர், இன்ன ஆண்டு ஐப்பசியில் காட்டிய 2.4 எந்தப் புள்ளியிலிருந்து அளந்தது என்று கண்டுபிடித்து, தன் புதிய மதகின் உயரத்தைத் தீர்மானிக்க அதைப் பயன்படுத்த முடியும்.